போக்கிடம் இல்லாதவர்களின் பேய் வீடு

பேய்ப் படம் பார்க்கும் எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது கேட்டே தீருவார்: "அதான் பேய் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?" நியாயமான கேள்விதான். இப்போது வருகிற பெரும்பாலான படங்களிடம் இதற்கு உருப்படியான பதில் இல்லை. கார் ஸ்டார்ட் ஆகாது, செல்போனில் சிக்னல் இருக்காது, மழையில் பாலம் உடைந்துபோகும். கதை எழுதியவரே கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

பழைய கறுப்பு வெள்ளைப் பேய் வீட்டுப் படங்களில் நல்லவற்றை எடுத்துப் பாருங்கள். கதவு பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும். கிளம்பலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் கிளம்பி எங்கே போவது? இருட்டு, நிழல், ஒட்டடை, கிரீச்சிடும் கதவு எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அறுபது வருஷம் கழித்தும் இந்தப் படங்கள் ஆளைப் பிடித்து உட்கார வைப்பதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த வீட்டுக்கு வந்து தங்குகிற ஆள் யார், அவருக்கு அந்த வீடு ஏன் தேவைப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ராபர்ட் வைஸ் 1963-இல் எடுத்த 'தி ஹாண்டிங்' படத்தையே எடுத்துக்கொள்வோம். ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய நாவலிலிருந்து வந்த படம். ஆவி ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டர், ஹில் ஹவுஸ் என்ற கெட்ட பெயரெடுத்த மாளிகையில் தன்னோடு சில நாள் தங்குவதற்கு ஆள் தேடுகிறார். வந்து சேர்கிறவர்களில் ஒருத்தி எலினார். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பல வருஷம் கவனித்தே இளமையைத் தொலைத்தவள். அம்மா போன பிறகு கூடப் பிறந்தவள் வீட்டு ஹாலில், சோபாவில் படுத்துத் தூங்குகிறாள். குடும்பக் காரில் பாதிப் பங்கு அவளுடையது; கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள். சொல்லாமல் எடுத்துக்கொண்டு ஹில் ஹவுஸுக்கு வந்துவிடுகிறாள். அங்கே தியோ என்ற புதுத் தோழியிடம், தனக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஃபிளாட் இருப்பதாகப் பொய் சொல்கிறாள். அந்தப் பொய் எனக்குப் படத்தின் எந்தப் பேயையும் விட அதிகமாக நினைவில் நிற்கிறது.

அம்மா உயிரோடு இருந்தபோது, ஏதாவது வேண்டுமென்றால் சுவரில் தட்டிக் கூப்பிடுவாள். ஒரு ராத்திரி தட்டியபோது எலினார் எழுந்து போகவில்லை. அன்றைக்குத்தான் அம்மா இறந்தாள். இப்போது ஹில் ஹவுஸில் நடு ராத்திரி, சுவருக்கு அந்தப் பக்கம் தொம் தொம் என்று சத்தம். எலினார் தூக்கக் கலக்கத்தில் என்ன சொல்கிறாள் தெரியுமா? "இதோ வந்துட்டேன்மா." பயந்து அலறவில்லை பாருங்கள்! பழக்கதோஷத்தில் எழுந்திருக்கிறாள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு வரி எங்கே போய்த் தைக்கும் என்று தெரியும். வருஷக்கணக்கில் ஒரு குரலுக்குக் காது கொடுத்தே வாழ்ந்தவளுக்கு, பேய் தட்டினாலும் அது வேலைக்குக் கூப்பிடும் சத்தம்தான்.

அப்புறம் ஒருநாள் சுவரில் சாக்பீஸ் எழுத்தில் அவள் பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வா என்று இருக்கிறது. மற்றவர்கள் வெலவெலத்துப் போகிறார்கள். எலினாரும் பயப்படுகிறாள், ஆனால் அந்தப் பயத்தோடு ஒரு சந்தோஷமும் சேர்ந்துகொள்வதை அவளாக நடித்த ஜூலி ஹாரிஸ் முகத்தில் பார்க்கலாம். யாரோ ஒருவர் அவளைத் தேடுகிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். டாக்டர் அவள் நல்லதுக்காகவே அவளைத் திருப்பி அனுப்பப் பார்க்கும்போது, போக மாட்டேன் என்று கெஞ்சுகிறாள். போனால் திரும்ப அந்த சோபாதான்.

படப்பிடிப்பு நாட்களில் ஜூலி ஹாரிஸ் மற்றவர்களோடு ஒட்டாமலே இருந்தாராம். தியோவாக நடித்த கிளேர் புளூமுக்கு இது வருத்தமாகவே இருந்திருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு ஹாரிஸ் ஒரு பரிசோடு அவரைத் தேடிப் போய், பாத்திரத்துக்காகத்தான் விலகி இருந்தேன் என்று விளக்கியிருக்கிறார். திரையில் தெரிகிற தனிமையில் எவ்வளவு நடிப்பு என்று பிரிக்க முடியாதபடி இருப்பது அதனாலோ என்னவோ.

சரி, இதெல்லாம் கதை. கறுப்பு வெள்ளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வைஸுக்குக் கலர் கிடைக்காமல் போகவில்லை. 1961-இல் 'வெஸ்ட் சைடு ஸ்டோரி', 1965-இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்று இரண்டு பெரிய கலர் படங்கள் எடுத்தவர், நடுவில் இதை வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1940-களில் ஆர்கேஓ ஸ்டுடியோவில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் தொழில் கற்றவர் அவர். சின்ன பட்ஜெட், காட்டாமலே பயமுறுத்துவது, இதுதான் லூட்டன் வழி. 'தி ஹாண்டிங்'கும் அப்படித்தான் உருவானது. அமெரிக்காவில் பணம் போதாமல், எம்ஜிஎம் கம்பெனியின் இங்கிலாந்து ஸ்டுடியோவுக்குப் போய், சுமார் பத்து லட்சம் டாலர் செலவில் முடித்தார். வெளிப்புறத்துக்கு வார்விக்ஷயரில் இருக்கும் எட்டிங்டன் பார்க் மாளிகை. (இப்போது அது ஹோட்டல். காசு கட்டினால் நீங்களும் தங்கலாம்.) அதைச் சில காட்சிகளில் இன்ஃப்ராரெட் ஃபிலிமில் எடுத்திருக்கிறார்கள், வானம் கறுத்து, கல் சுவர் வெளிறி, சவக்களை வந்துவிடும்.

உள்ளே எடுத்த காட்சிகளுக்கு பானாவிஷன் கம்பெனி அப்போது சோதனையில் வைத்திருந்த 30 மில்லிமீட்டர் அகலக் கோண லென்ஸை வைஸ் கேட்டிருக்கிறார். அது இன்னும் தயாராகவில்லை, கோடுகள் வளையும் என்றார்கள். எனக்கு வேண்டியதே அதுதான் என்று சொல்லி, குறை தெரிந்தே வாங்குகிறேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த வளைவுதான் படம் முழுக்க நம்மை உறுத்துகிறது. அறைக்குக் கூரையும் வைத்து செட் போட்டதால் வீடு தலைமேல் இறங்குகிற மாதிரி இருக்கும். கதவு உள்பக்கமாக மூச்சு விடுவதுபோல் உப்பிக்கொண்டு வரும் காட்சி பிரபலம். பல அடுக்காக ஒட்டிய மரக்கதவு, அந்தப் பக்கம் நின்று ஒரு ஆள் தள்ளினார். இவ்வளவுதான் 'கிராபிக்ஸ்'!

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கறுப்பு வெள்ளையில் மனுஷத் தோலும் சுவரும் ஒரே சாம்பலின் ஏற்ற இறக்கங்கள்தான். கலரில் ஒரு பெண் பச்சைச் சுவர் முன்னால் நின்றால் அவள் தனி, சுவர் தனி. இங்கே எலினார் படுக்கையில் கிடந்து எதிர்ச் சுவரின் பூ வேலைப்பாட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு முகம் இருக்கிற மாதிரி நமக்கும் தோன்றுகிறது. கேமரா எதையும் சேர்க்கவில்லை. வெளிச்சம் லேசாக மாறுகிறது. வீடு அவளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறது என்ற கதையை, ஒரு வசனமும் இல்லாமல் அந்தச் சாம்பல் சொல்லிவிடுகிறது.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1961-இல், ஜாக் கிளேட்டன் எடுத்த 'தி இன்னொசென்ட்ஸ்'. ஹென்றி ஜேம்ஸின் 1898-ஆம் வருஷத்துக் கதை. டெபோரா கெர் ஒரு பாதிரியாரின் மகள், முதல்முறை வேலைக்குப் போகிறாள். பெரிய மாளிகையில் அப்பா அம்மா இல்லாத இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்குப் பொறுப்பாளரான உறவினர் போடும் நிபந்தனை: என்ன நடந்தாலும் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஆக, பேய் வந்தாலும் முதலாளிக்குக் கடிதம் எழுத முடியாது. அங்கே உலவுகிற பேய்கள் யார் தெரியுமா? எஜமானின் வேலையாள் ஒருவன், அப்புறம் முன்னால் இதே வேலையில் இருந்த பெண். எனக்கு முதுகு சில்லிடுவது அங்கேதான். அவள் பார்ப்பது தன் பதவியில் தனக்கு முன்னால் இருந்தவளை. பட்டப்பகலில், ஏரிக்கு அந்தப் பக்கம், நாணல் நடுவில் கறுப்பு உடையில் அசையாமல் நிற்கிறாள் அந்தப் பெண். இன்னொரு காட்சியில் பள்ளி அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டு மறைந்துபோகிறாள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிலேட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர். வேலைக்காரப் பேய், அழுவதற்குக்கூட வேலை செய்த இடத்துக்குத்தான் வருகிறது.

ஒளிப்பதிவு ஃபிரெடி ஃபிரான்சிஸ். ஸ்டுடியோ சினிமாஸ்கோப்பில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது, டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஃபிரான்சிஸ் கண்ணாடி ஃபில்டர்களின் ஓரங்களில் கையால் சாயம் பூசி, அகலத் திரையின் இரண்டு பக்கத்தையும் இருட்டாக்கினார். நடுவில் மெழுகுவர்த்தியோடு ஒரு பெண், சுற்றிலும் அவளுக்குச் சொந்தமில்லாத வீடு.

வில்லியம் காசிலின் 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' (1959) இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைக்கிற படம் கிடையாது. திருவிழாக் கூத்து. தியேட்டரில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைக் கம்பியில் கட்டி ஜனங்களின் தலைக்கு மேல் ஓட விட்டார்கள், அதற்கு 'எமர்கோ' என்று பெயர் வேறு. ஆனால் அதிலும் பாருங்கள், விருந்துக்கு அழைப்பவராக வரும் வின்சென்ட் பிரைஸ் ஒரு ராத்திரி தங்குவதற்குத் தலைக்கு 10,000 டாலர் என்கிறார். வருகிறவர்கள் பணமுடையில் இருப்பவர்கள். பேய் வீட்டுக்குள் ஒரு டைப்பிஸ்ட் பெண் வருவதற்குக் காரணம் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருப்பது. கூத்தாடியான காசிலுக்கும் இது புரிந்திருக்கிறது.

நம் பக்கம் இதைப் புரிந்துகொண்டவர் ஏ. வின்சென்ட். 1963-இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்துக்கு அந்தப் பாழடைந்த ஜமீன் மாளிகையைக் கேமராவில் பிடித்தவர், அடுத்த வருஷமே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' படத்தை இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீரின் கதை. ஓர் எழுத்தாளர், ஊரே ஒதுங்கிப் போகும் வீட்டை வாடகைக்கு எடுக்கிறார். வீடு தேடி அலைந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. இந்த இடத்தில் பஷீர் செய்வதுதான் வெள்ளைக்காரப் படங்கள் எதிலும் நான் பார்க்காதது. அந்த எழுத்தாளர் பேயிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். பார்கவிக் குட்டியோடு பேசுகிறார், அவள் கதையையே எழுதி அவளுக்குப் படித்துக் காட்டுகிறார். பயம் மெல்ல மெல்ல, ஒரே வீட்டில் குடியிருக்கும் இருவருக்குள் வரும் தோழமையாகிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: பஷீரின் மூலக்கதையின் பெயரிலேயே நீல வெளிச்சம் இருக்கிறது. அதைப் படமாக எடுத்தவர் நீலமே இல்லாத ஃபிலிமில் எடுத்தார், ஒன்றும் குறைந்துபோகவில்லை. 2023-இல் கலரில் திரும்ப எடுத்தபோது நீலம் வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது, ஆனாலும் என் மனசு பழைய வீட்டிலேயே நின்றுவிட்டது.

'தி ஹாண்டிங்'கையும் 1999-இல் திரும்ப எடுத்தார்கள். சிலைகள் அசைகின்றன, மரச் சிற்பங்கள் முகம் திருப்புகின்றன, கம்ப்யூட்டர் ஓவர்டைம் பார்த்திருக்கிறது. வீடு என்னவெல்லாம் செய்யும் என்று காட்டுவதற்கே நேரம் போதவில்லை. அவளுக்கு அந்த வீடு ஏன் வேண்டும் என்பதைப் பேச ஆளில்லை.

என் வாதத்துக்கு எதிரான படம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே சொல்வீர்கள். 1944-இல் வந்த 'தி அன்இன்வைட்டட்'. ஓர் அண்ணனும் தங்கையும் கார்ன்வால் கடற்கரையில் ஒரு வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. பேயையும் திரையில் கொஞ்சம் காட்டிவிடுவார்கள். ஆனாலும் ஒளிப்பதிவாளர் சார்லஸ் லேங்கின் மெழுகுவர்த்தி வெளிச்சமும், விடியும் முன்னால் எங்கிருந்தோ வரும் விசும்பலும் இன்றைக்கும் வேலை செய்கின்றன. ஒருவேளை அங்கே என் கட்சிக்காரி ஸ்டெல்லாவாக இருக்கலாம்: அம்மா வாழ்ந்த அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தாத்தா தடுத்து வைத்திருக்கும் பெண். ஆனால் அது கதாநாயகியை மாற்றி வைத்து வாதாடுவதுபோல் ஆகிவிடும், அதனால் அந்தப் படத்தை எதிர்க்கட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'தி இன்னொசென்ட்ஸ்'ஸில் ஆரம்பியுங்கள். படம் தொடங்கும்போது திரை வெறும் இருட்டாக இருக்கும், ஒரு சிறுமி பாடும் குரல் மட்டும் கேட்கும். ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து ஓட்டிவிடாதீர்கள். அடுத்து 'தி ஹாண்டிங்', கட்டாயம் ஹெட்போனோடு, ஏனென்றால் பாதிப் படம் சத்தத்தில்தான் இருக்கிறது. 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும்போது, முறுக்கு கொறித்துக்கொண்டே பார்க்கலாம். 1999-ஆம் வருஷத்துப் படத்தை நான் பார்த்தாயிற்று, நீங்கள் பார்க்க வேண்டாம்.