ஒரு குடம் நல்ல தண்ணி

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா."

இந்த வார்த்தையை இனிமே யாராவது என் வாசல்ல நின்னு சொன்னா நான் பொறுத்துக்கப் போறதில்ல. ரெண்டு வருஷமா கொத்தனார், கடைக்காரர், கேஸ் மாட்ட வந்த தம்பி, எல்லார் வாயிலயும் இதே பேச்சு. இன்னிக்குக் காலையில கொல்லையில இருக்கிற என் அடுப்பு மேடையோட அடியில இருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பேந்து விழுந்துச்சு. நேரா கீழ கழுவி வச்சிருந்த மீன் சட்டியில. ஒரு சட்டி சூடை மீனும் சிமெண்ட் தூளோட போச்சு. சில்லை எடுத்துத் திருப்பிப் பாத்தேன். கம்பி கிடந்த தடம் செங்காவி நிறத்துல நீளமா ஓடுது. மேல தொங்குற கம்பியை நகத்தால சுரண்டினா அடுக்கடுக்கா உரியுது. எட்டு எம்எம் கம்பி, சில இடத்துல பென்சில் முனை அளவுக்கு இளைச்சுப் போயிருக்கு.

நாங்க இருக்கிறது ராமேஸ்வரம் போற வழியில, உச்சிப்புளி தாண்டி, தென்கடல் பக்கம். கடலுக்கும் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர் இருக்கும். வீட்டுக்குள்ள மீன் பொரிச்சா மூணு நாளைக்கு வாடை போகாது, அதனால எங்க பக்கம் எல்லார் வீட்டுலயும் கொல்லையில ஒரு அடுப்பு இருக்கும். மூணு கல்லை வச்சு, குனிஞ்சு உக்காந்து, கருவேல விறகுப் புகையில கண்ணு எரிய எரியத்தான் எங்க அத்தை நாப்பது வருஷம் சமைச்சாங்க. எனக்கும் முட்டி வலி ஆரம்பிச்சதும், நின்னு சமைக்கிற மாதிரி வெளியில ஒரு மேடை வேணும்னு நினைச்சேன். ஒரு பக்கம் அடுப்பு, நடுவுல மீன் அரியிற இடம், இன்னொரு பக்கம் பாத்திரம் கழுவுற தொட்டி. ஆறடி நீளம், ரெண்டடி அகலம். பெரிய ஆசையா இது?

கொத்தனாரைக் கூப்பிட்டா வரமாட்டாங்க. வீடு கட்டுற வேலைன்னா வருவாங்க, மேடை கட்டணும்னா "பாக்கலாம்க்கா"ன்னு போனை வச்சிருவாங்க. நாலு பேர்கிட்ட கேட்டு அலுத்துப் போய் நானே இறங்கினேன். வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருந்து வீடியோ வீடியோவா அனுப்பினார். அதுல எல்லாம் ஜிஐ தகட்டுல, அதாவது துத்தநாகம் பூசின இரும்புத் தகட்டுல, சட்டம் அடிச்சு, சிமெண்ட் போர்டை ஸ்குரூ போட்டு முடுக்கி, மேல கல் ஒட்டுறாங்க. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா ஜிஐ சட்டத்தை வெட்டின முனையிலயும் துளை போட்ட இடத்துலயும் துத்தநாகப் பூச்சு போயிருமே, எங்க ஊர் காத்து அந்த இடத்துல தானே முதல்ல வாய் வைக்கும்? அதை யாரும் சொல்றதில்ல. மேடை உயரம் 36 இஞ்சுன்னு சொல்றாங்க. நான் அஞ்சடி. 36 இஞ்சுக்கு மேல அடுப்பு, அதுக்கு மேல குழம்புச் சட்டின்னா நான் உள்ள எட்டிப் பாக்கிறது எப்படி? அடுப்பு வர்ற பக்கத்தை 28 இஞ்சா இறக்கினேன். அது ஒண்ணுதான் நான் யார் பேச்சையும் கேக்காம செஞ்சது, அது ஒண்ணுதான் இன்னிக்கும் சரியா இருக்கு.

சுவர் நானே கட்டினேன். சாலிட் பிளாக், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா ஒன்றரை மாசம். அது நிக்குது. மேல கான்கிரீட் பலகை போடத்தான் கம்பி கட்டத் தெரியாதேன்னு ஒருநாள் கூலிக்கு ஒரு கொத்தனாரை வரவச்சேன். அவர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், "போர் தண்ணி ஊத்தாதீங்க, குடத்துல நல்ல தண்ணி வச்சிருக்கேன்"னு. தலையை ஆட்டினார். நான் டீ போட உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள போர் குழாயில டியூபை மாட்டி விட்டாச்சு. எங்க போர் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் வாய்ல வெள்ளையா உப்பு கட்டி நிக்குது. கேட்டா, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, இந்த ஊர்ல எல்லா வீடும் இந்தத் தண்ணியிலதான் கட்டியிருக்கு."

ஆமா, கட்டியிருக்கு. அதனாலதான் இந்த ஊர்ல பத்து வருஷத்து வீட்டு சன்ஷேடெல்லாம் கம்பி தெரிய நிக்குது!

நான் அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன். என் பலகைக்கு மொத்தமா அரை மூட்டைக்குக் கொஞ்சம் கூட சிமெண்ட். அதுக்குத் தேவையான தண்ணி ஒரு குடம். ஒரே ஒரு குடம். தள்ளுவண்டியில 10 ரூபா. அது என் கொல்லையில, அவர் காலடியில, மூடி வச்ச படி இருந்துச்சு. அந்த ஒரு குடத்தைத் தூக்கி ஊத்த மனசு வராம என் ஒன்றரை மாச உழைப்பைப் பாழாக்கிட்டார். நினைக்க நினைக்க வயிறு எரியுது.

ஐஎஸ் 456னு கான்கிரீட்டுக்கு ஒரு இந்தியத் தர நிர்ணயம் இருக்கு, 2000ல வந்தது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. கம்பி இல்லாத கான்கிரீட்டுன்னா 2000 வரைக்கும் போகலாம். ஏன் இந்த வித்தியாசம்? உப்பு சிமெண்டைத் தின்னல, கம்பியைத் தின்னுது. துரு பிடிச்ச இரும்பு ரெண்டு மடங்குல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் ஊதும். உள்ள இடம் இல்லாததால கான்கிரீட்டைப் பிளந்துட்டு வெளிய வரும். கடற்கரைக் காத்து படுற இடத்துல கம்பிக்கு வெளிய 45 எம்எம் கவர், அதாவது கம்பியை மூடுற கான்கிரீட் கனம், விடணும்னும் அதுலயே இருக்கு. மேலயும் கீழயும் 45 விட்டு நடுவுல ரெண்டு வரிசை கம்பியும் வச்சா பலகை நாலு இஞ்சுக்கு மேல போயிரும். எனக்குப் போட்டுக் குடுத்தது ரெண்டரை இஞ்சு. அந்தக் கனத்துக்காகக் கம்பிக்கு அடியில வைக்கிற கவர் பிளாக் எங்கேன்னு கேட்டதுக்கு உடைஞ்ச ஓட்டுச் சில்லை நாலு இடத்துல சொருகினார். அன்னிக்கு எனக்கு இது தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டியவர் அவர் தானே? கூலி வாங்கினவர் அவர் தானே?

தொட்டி கதை இன்னும் மோசம். பெரிய கடைதான். "304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காது"ன்னு சொல்லி, சட்டைப் பையில இருந்து காந்தத்தை எடுத்து ஒட்டிக் காமிச்சார். ஒட்டல. "பாத்தீங்களா, ஒரிஜினல்." 7,800 ரூபா குடுத்தேன். வாடைக்காத்து ஒரு சீசன் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள தொட்டி அடி முழுக்கத் தவிட்டு நிறத்துல புள்ளி புள்ளியா. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. 304லயும் காந்தம் ஒட்டாது, 202ன்னு இருக்கிற இன்னொரு ஸ்டீல் ரகத்துலயும் ஒட்டாது. 202ல நிக்கலைக் குறைச்சுட்டு மாங்கனீஸைக் கூட்டியிருப்பாங்க, விலை மலிவு, உப்புக் காத்து தாங்காது. அப்போ காந்தத்தை வச்சு 202ஐ 304ல இருந்து பிரிக்கவே முடியாது. முடியாதுன்னு அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒட்டிக் காமிக்கிறார். இது ஏமாத்து. வேற பேர் கிடையாது. இதுக்குன்னு ஒரு மருந்து இருக்கு, ஒரு சொட்டு விட்டு சின்ன பேட்டரியை வச்சா 202 செவப்பாகும். அதை எந்தக் கடைக்காரராவது மேசையில வச்சிருக்காரா? உண்மையில கடலோரத்துக்கு வேண்டியது 316 ரகம், அதுல ரெண்டு மூணு சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும். 316ல நாலு ஸ்குரூ வேணும்னு நான் ஏறி இறங்கின எல்லாக் கடையிலயும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. கடலைப் பாத்துக்கிட்டு கடை வச்சிருக்கோம், கடலோரத்துக்கு ஆகுற ஒரு ஸ்குரூ கிடையாது.

கேஸ் விஷயத்தை நினைச்சா இப்பவும் கை நடுங்குது. சிலிண்டரை மேடைக்கு அடியில வச்சு, காத்து புகாம இறுக்கமா பிவிசி கதவு போட்டுக் குடுத்தார் ஒருத்தர். "எலி வராது பாருங்க." அடுப்பு மாட்ட வந்த தம்பியும் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. சமையல் கேஸ் காத்தை விட ஒன்றரைல இருந்து ரெண்டு மடங்கு கனம். கசிஞ்சா மேல போகாது, தரையில தேங்கி நிக்கும். அடைச்ச பெட்டிக்குள்ள தேங்கினா என்ன ஆகும்? ஒருநாள் விடிகாலையில கதவைத் திறந்தேன், முழங்காலுக்குக் கீழ குப்புன்னு வாடை. உப்பு ஏறி ரெகுலேட்டர் சரியா உக்காரல. அன்னிக்கு என் கையில தீப்பெட்டி இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்வேன். அன்னிக்கே சுவரோட அடி வரிசையில ரெண்டு பக்கமும் பிளாக்கைத் தட்டி எடுத்து வலை அடிச்சேன். யார் வீட்டுலயாவது வெளி மேடைக்குள்ள சிலிண்டர் இருந்தா, தயவுசெஞ்சு இன்னிக்கே தரை மட்டத்துல எதிரெதிரா ஓட்டை போடுங்க. மேல போட்டா பிரயோஜனம் இல்ல.

இத்தனைக்கும் கண்ணு முன்னால பாம்பன் பாலம் நிக்குது. 1914ல திறந்த பழைய ரயில் பாலத்தை இந்த உப்புக்காத்து எப்படி அரிச்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும், 2022 டிசம்பர்ல ரயிலையே நிறுத்திட்டாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன்னு உப்பைத் தாங்குற பெயிண்ட். அதைக் கட்டினவங்க "ஒண்ணும் ஆகாது"ன்னு போகல. அந்தப் பாலத்துக்கு அடிக்கிற காத்துதான் என் கொல்லையிலயும் அடிக்குது. ஆறடி மேடைன்னா மட்டும் உப்பு பாவம் பாத்து விட்டுருமா?

பக்கத்து வீட்டு மதினி, "பேசாம கடற்கரை மணலை அள்ளிப் பூசிவிடு, காசு மிச்சம்"னு சொன்னாங்க. நல்ல மனசுலதான் சொன்னாங்க. ஆனா அந்த மணல் உப்பு, கடற்கரையில மண் அள்ளுறது குத்தம் வேற. எங்க தெருவுல ரெண்டு வீடு அந்த மணல்ல பூசி, வருஷா வருஷம் சுவர்ல உப்பு பூத்துக் கொட்டுது.

பலகையை உடைச்சு எடுத்தாச்சு. இனிமே கம்பியே வேணாம். நடுவுல ரெண்டடிக்கு ஒரு குறுக்குச் சுவர், மேல கடப்பா கல். புளித்தண்ணி, எலுமிச்சம்பழம் பட்டா கடப்பா வெளுக்கும், தெரியும். வெளுக்கட்டும், என் தலையில பேந்து விழாது.

கல்லைத் தனியா தூக்க முடியாதுங்கிறதால சாயங்காலம் வேற ஒரு கொத்தனார் வந்தார். சின்னப் பையன். கலவைக்கு வாளியில தண்ணி கொண்டு வந்தான். எங்க பிடிச்சேன்னு கேட்டேன். "குடத்துலதான்க்கா"ன்னான். விரலை நனைச்சு நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பு கரிச்சுது. வாளியைத் தூக்கி முருங்கை மரத்தடிக்குப் பக்கத்துல வடிகால்ல கொட்டிட்டு, குடத்தை நானே இடுப்புல எடுத்துட்டு வந்து கலவையில ஊத்தினேன்.