வாட்ஸ்அப்பில் வரும் நிதி அறிவிப்பும் நம் கோப்பில் இல்லாத காகிதமும்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இயங்கும் சிறு அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் செய்திப் பஞ்சம் கிடையாது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆருக்கு விண்ணப்பம், விருதுக்குப் பரிந்துரை, ஜூமில் இலவசப் பயிற்சி, சான்றிதழோடு இரண்டு நாள் பட்டறை என்று ஏதாவது ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. "இது நமக்குப் பொருந்துமா, பொருந்த நம் கோப்பில் என்ன குறைகிறது" என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. பயிற்சிக்குப் போகிறவர் பெரும்பாலும் செயலாளர். ரசீது எழுதுவதும் போர்ட்டலில் ஏற்றுவதும் அலுவலகத்தில் இருக்கும் பகுதிநேரக் கணக்கர். கற்றவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர் என்றால் அந்தப் பயிற்சி எப்படிப் பலிக்கும்?

மாதம் ஒருமுறை, தமிழில், அவரவர் கோப்பை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு படிக்கும் ஏற்பாடு நம் மாவட்டத்துக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதையெல்லாம் அப்படிப் படிக்க வேண்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வருமான வரிப் பதிவு. 12ஏ என்பது அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு, 80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு. பழைய 12ஏ, 80ஜி பதிவுகள் எல்லாம் 2021இல் மறுபதிவுக்கு வந்தன. அப்போது ஐந்தாண்டுக்குக் கிடைத்த பதிவு 2026 மார்ச் 31 வரை மட்டுமே செல்லும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பே, அதாவது 2025 செப்டம்பர் 30க்குள், போட்டிருக்க வேண்டும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சான்றில் "மதிப்பீட்டு ஆண்டு 2026-27 வரை" என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 2027 மார்ச் வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றால் நிதியாண்டு 2025-26. ஓராண்டைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள இரண்டு நாள் பட்டறை தேவையில்லை, சான்றை எடுத்து வைத்தால் இரண்டு நிமிடம் போதும்.

புதிதாகத் தொடங்கிய அமைப்புகளுக்கு வேறு சிக்கல். அவர்களுக்குக் கிடைப்பது மூன்றாண்டுக்கான தற்காலிகப் பதிவு. பணி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் முன்பு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "மூன்று வருஷம் இருக்கே" என்று சும்மா இருந்துவிட்டால் விலக்கு போவதோடு நிற்காது. அமைப்பின் சொத்து மதிப்பின் மீதே வரி போட 115டிடி பிரிவில் இடம் இருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம் என்ற வழி 2024 அக்டோபர் முதல் உண்டு. ஆகவே தவறவிட்டவர்கள் கோப்பை மூடி வைக்காமல் உடனே ஆடிட்டரைப் பாருங்கள். நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது: விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடியைத் தாண்டாத அமைப்புகளின் 12ஏபி பதிவுக்கு (மறுபதிவுக்குப் பின் 12ஏ பதிவின் பெயர் இதுதான்) 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் பத்தாண்டு ஆயுள் தந்தது. நம் ஊர் அமைப்புகளில் அநேகமாக எல்லாமே இதில் அடங்கும். 12ஏபிக்கும் 80ஜிக்கும் காலம் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காமல் இரண்டு தேதியையும் தனித்தனியே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்கள் மாறுகின்றன, 12ஏபிக்கு உரிய பதிவு 332ஆம் பிரிவில் வருகிறது. 2025-26 நிதியாண்டுக் கணக்குக்குப் பழைய சட்டம்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே போதும்.

அதிகத் தவறு நடப்பது நன்கொடைக் கணக்கில். 80ஜி உள்ள அமைப்பு ஒவ்வொரு ஆண்டும் மே 31க்குள் முந்தைய நிதியாண்டின் நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ சான்று கிடைக்கும். அது இல்லாமல் அவரால் வரிச்சலுகை கேட்க முடியாது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ஏற்றவே இல்லையென்றால் 10,000 முதல் 1 லட்சம் வரை தண்டம்.

ஏன் தவறுகிறது? பணம் கியூஆர் கோடு வழியாக வருகிறது. வங்கி அறிக்கையில் பாதி வெட்டுப்பட்ட பெயரும் யுபிஐ முகவரியும்தான் இருக்கும். மே மாதம் உட்கார்ந்து "இந்த 501 ரூபாய் யாருடையது" என்று தேடினால் கிடைக்காது. கியூஆர் அட்டையின் கீழேயே, "80ஜி சான்று வேண்டுவோர் பெயர், பான், முகவரியை இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று அச்சிடுங்கள். பதிவேட்டில் தேதி, பான் அட்டையில் உள்ளபடி பெயர், பான் எண், பின்கோடுடன் முகவரி, தொகை, வந்த வழி, நன்கொடையின் வகை என்று ஏழு கட்டம் போடுங்கள். வாரம் ஒருநாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், வங்கி அறிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒரு வாரத்துக்குள் கேட்டால் எல்லோரும் பான் எண் தருவார்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் தரமாட்டார்கள்.

பான் எண்ணின் நான்காவது எழுத்தைப் பார்க்கப் பழகுங்கள். பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டுநிறுவனம், சி என்றால் கம்பெனி. செவ்வாய்ப்பேட்டைக் கடையிலிருந்து கடைப்பெயரில் காசோலை வரும். கடை ஒருவருக்கே சொந்தம் என்றால் பான் அவர் பெயரில் இருக்கும். கூட்டு வியாபாரம் என்றால் கடையின் பான் வேறு. கடைப்பெயரை எழுதி, முதலாளியின் சொந்தப் பான் எண்ணைப் போட்டால் சான்று பொருந்தாது. அடுத்த வருஷம் அந்தக் கதவைத் தட்டும் தைரியம் யாருக்கு வரும்?

கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. அரிசி, நோட்டு, சேலை என்று பொருளாகக் கொடுப்பதற்கும் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது. இதைச் சொல்லாமல் "ஐம்பது சதவீதம் வரி மிச்சம்" என்று நோட்டீஸ் அடிப்பது தவறு. 50 சதவீதம் என்பது வரியில் குறைவதில்லை, வருமானத்தில் கழிவது. அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒன்றே ஒன்று. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

அடுத்து சிஎஸ்ஆர். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்கிறது. உருக்காலையும் பொட்டனேரி இரும்பாலையும் இருக்கும் மாவட்டத்தில் அந்த வாசகம் நமக்கு முக்கியம். விண்ணப்பிக்கும் அமைப்புக்கு 12ஏ, 80ஜி, கம்பெனி விவகார அமைச்சகத்திடம் பெறும் சிஎஸ்ஆர்-1 பதிவு எண், அதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவம் எல்லாம் வேண்டும். நிதியாண்டு முடியும் பிப்ரவரி, மார்ச்சில் கம்பெனியிலிருந்து திடீரென்று அழைப்பு வரும். அந்த நேரத்தில் சிஎஸ்ஆர்-1 போட ஆரம்பித்தால், டிஜிட்டல் கையெழுத்து வாங்குவதிலும் ஆடிட்டரின் சான்றுக்கு அலைவதிலுமே நாள் போய்விடும். நவம்பரிலேயே முடித்து வையுங்கள்.

திட்ட மதிப்பீடு போடுவதிலும் நம்மவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். நாகலூர்ப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் 25 குழந்தைகளுக்கு மாலைநேர வகுப்பு என்று எடுத்துக்கொள்வோம். ஆசிரியைக்கு மாதம் 6,000 வீதம் 72,000, குழந்தைக்கு 400 வீதம் பாடப்பொருள் 10,000, மொத்தம் 82,000 என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மேற்பார்வையாளர் மலையேறி இறங்கும் செலவு மாதம் 1,500 வீதம் 18,000, கணக்கு, தணிக்கைக்கு 6,000, இரண்டும் விடுபட்டிருக்கும். உண்மைச் செலவு 1,06,000. விட்டுப்போன 24,000 ரூபாய் செயலாளரின் பையிலிருந்தோ ஆசிரியையின் சம்பளத்திலிருந்தோ போகும். நான்காவது மாதம் மேற்பார்வை நின்றுவிடும். "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்" என்று கம்பெனி சொன்னால் பணிவோடு விளக்குங்கள். அந்த வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறைக்குச் செய்யும் நிர்வாகச் செலவுக்கு உரியது. பணியைச் செய்யும் அமைப்பின் திட்ட மேலாண்மைச் செலவு அதில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகமே விளக்கம் தந்திருக்கிறது.

தன்னார்வலர்களுக்கும் பயிற்சி வேண்டும். அதைத்தான் யாரும் பயிற்சியாகவே கருதுவதில்லை. ஏற்காடு மலைப்பாதையில் குப்பை அள்ளப் போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது பேர் வருகிறார்கள், மெல்லிய பாலித்தீன் பை கொடுக்கிறார்கள். உடைந்த பாட்டில் முதல் பையையே கிழிக்கிறது. துணிக் கையுறை நனைந்து ஊறுகிறது. மூட்டைகளைச் சாலையோரம் அடுக்கிவிட்டு இறங்குகிறார்கள், சாயங்காலத்துக்குள் குரங்குகள் பிரித்துப் பழையபடி இறைத்துவிடுகின்றன. குப்பையை ஏற்றிப் போகும் வண்டியையும் அது இறக்கும் இடத்தையும் உறுதி செய்த பிறகே தேதி குறியுங்கள். சாலையோரம் காப்புக்காடு என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் போதும். கண்ணாடியை முதலில், தனியாக, தடித்த சாக்கில், ரப்பர் பூச்சுள்ள கையுறை போட்டவர்கள் மட்டும் எடுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. சுற்றுலா வண்டிகள் ஏறும் முன், ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிட வேண்டும். இவ்வளவையும் அடிவாரத்தில் வைத்து இருபது நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

மருத்துவ முகாமோ வகுப்போ, மலையாளி பழங்குடி ஊர்களில் நாள் குறிக்கும் முன் அந்த ஊர்ப் பெரியவர்களிடமும் அங்கன்வாடி அக்காவிடமும் கேளுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலத்திலும் சந்தை நாளிலும் ஊரில் ஆள் இருக்காது. டாக்டர்கள் காத்திருந்துவிட்டுத் திரும்புவார்கள், பழி "ஆர்வம் இல்லாத ஜனங்கள்" என்று ஊர்மேல் விழும். அது அநியாயம்.

பாதுகாப்பு விஷயத்தில் சட்டம் நாம் நினைப்பதைவிட அகலமானது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, "பணியாளர்" என்பதில் சம்பளம் வாங்காத தன்னார்வலரையும் சேர்க்கிறது. பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் உள்புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். "நாங்கள் தன்னார்வலர்கள்தானே" என்ற வாதம் செல்லாது. காப்பகங்களில் உள்ள குழந்தைகளின் முகத்தையும் பெயரையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. பிறந்தநாள் சாப்பாடு போட்டவர் குழந்தைகளோடு எடுத்த படத்தை முகநூலில் போடும் வழக்கத்தை நாம்தான் நிறுத்த வேண்டும். படம் வேண்டுமென்றால் பரிமாறும் கைகளை எடுக்கட்டும், இலையை எடுக்கட்டும்.

இதையெல்லாம் கற்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் மேலாண்மை, கணக்கியல் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். மை பாரத் தளத்தில் தன்னார்வப் பணிகளைப் பதியலாம். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டாண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டியவர்கள். மரம் நடுவதோடு நிறுத்தாமல், கணினி தெரிந்த பிள்ளைகளைப் பதிவேட்டு வேலைக்கும் கேளுங்கள். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எடுத்துப் பழகிய பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வகுப்பை எப்படி நடத்துவது என்று புதியவர்களுக்குச் சொல்லித்தர அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

ஆனால் கோப்பைப் பார்த்துச் சொல்லும் வேலையை எந்தத் தளமும் செய்யாது. அதற்கு நான் முன்வைக்கும் ஏற்பாடு இது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மூன்று மணி நேரம், ஒரு மாதம் சேலத்தில், அடுத்த மாதம் ஏற்காட்டில். அதிகபட்சம் 12 அமைப்புகள், ஒவ்வொன்றிலிருந்தும் செயலாளரோடு கணக்கு எழுதுபவரும் கட்டாயம். ஒரு மாதத்துக்கு ஒரே பொருள்: ஏப்ரலில் 10பிடி, ஆகஸ்டில் தணிக்கை அறிக்கை, நவம்பரில் சிஎஸ்ஆர்-1. கட்டணம் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். ஒரு ஆடிட்டரோ கம்பெனி செகரட்டரியோ மூன்று மணி நேரம் தந்தால் போதும்.

இடம் தரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள். நீளமேசை இரண்டு, பிளக் பாயின்ட் உள்ள சுவர், ஓடிபி வரும் அளவுக்கு சிக்னல், இவை இருந்தால் போதும். ஏற்காட்டில் சிக்னல் கிடைக்கும் கூடமாகப் பார்த்துச் சொல்லுங்கள். வருபவர்கள் எடுத்துவர வேண்டியவை: அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கத்தின் பைலா, பான் அட்டை, வரித்துறைப் பதிவுச் சான்று, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வங்கி அறிக்கை, ரசீதுப் புத்தகங்கள் அத்தனையும், கிழித்த பின் மிஞ்சிய அடிக்கட்டைகளோடு. போர்ட்டலில் யாருடைய கைபேசி எண் பதிவாகியிருக்கிறதோ அந்த நபரும் கூடவே வரவேண்டும்.