பழைய சிடி என்றால் அசல் சுருதி என்று அர்த்தமில்லை

“பழைய ஜாஸ் சிடி வாங்கினால் 1980களில் வந்த முதல் பதிப்பையே வாங்குங்கள், ஸ்டூடியோவில் வாசித்தது அப்படியே இருக்கும், ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிட்டவை) எல்லாம் கெடுத்து வைத்தவை” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி சரி. சத்தத்தை ஏற்றி நசுக்கிய மறுபதிப்புகள் உண்டுதான். ஆனால் அதிகம் விற்கும் ஜாஸ் ஆல்பத்திலேயே இந்த விதி சறுக்குகிறது.

அது ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959-இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டூடியோவில் பதிவானது. மார்ச் 2 அன்று முதன்மை டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். எல்பி இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று பாடல்களும் இப்படித்தான் தட்டிலும் ஆரம்ப சிடிகளிலும் வந்தன. முதல் பாடலான ‘ஸோ வாட்’டோடு கீபோர்டில் சேர்ந்து வாசித்துப் பாருங்கள்: டி கட்டையை அழுத்தினால் சிடியின் சுரம் அதற்குச் சற்று மேலே நிற்கும். (நம் ஊர் ஆர்மோனியக்காரர் முதல் வரியிலேயே முகம் சுளிப்பார்.)

நல்லவேளையாக, கூடவே ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப் சரியான வேகத்தில் இருந்தது. அதை வைத்து 1992-இல் வந்த தங்கப் பூச்சு சிடியில்தான் பிழை திருத்தப்பட்டது. 1997 மறுபதிப்பும் அப்படியே.

கடையில் பின்னட்டையைத் திருப்புங்கள். ஆறாவதாக ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ மாற்றுப் பதிவு (அதே பாடலை இன்னொரு முறை வாசித்தது) இருந்தால் அது திருத்திய பதிப்பு. ஐந்தே பாடல்கள், 1980களின் ஆண்டு என்றால் பழைய சுருதி. அதற்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.