‘சின்ஸ்’ பிழைக்கு இத்தனை சிரிப்பா?

வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரின் கடிதத்தைப் படம் பிடித்து, பெயரை மட்டும் மறைத்துப் போட்டிருக்கிறார்கள். ஊரே கூடிச் சிரிக்கிறது. ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்று எழுதிவிட்டாராம். பிழைதான், ‘ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்’ என்றுதான் வர வேண்டும். ஆனால் வயிறு குலுங்கச் சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

‘2015இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்.’ தமிழில் இது சுத்தமான வாக்கியம். இன்றைக்கும் செய்கிறார், ஆகவே நிகழ்காலம். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் மொழியில் இதை நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். தொடங்கிய நாளைச் சொல்லிவிட்டால் வினைச்சொல்லும் அந்த நாள்வரை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பது ஆங்கிலம். ‘நேற்று’ விவகாரமும் இதே ரகம். ‘ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ தவறு, ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’ சரி. பேச்சு வழக்கு ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அந்த ‘ஹாவ்’ போட்டுத்தான் நேற்றைய சங்கதியைச் சொல்வார்கள். அங்கே யாரும் சிரிப்பதில்லை.

அதற்காக இஷ்டத்துக்கு எழுதலாம் என்று வாதாட வரவில்லை. விண்ணப்பத்தில் காலம் பிசகினால் பொருளே மாறிவிடும். ‘ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் வேலையை விட்டாயிற்று. ‘ஐ ஹாவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஒரு ‘ஹாவ்’ விட்டுப்போனால், நேர்காணலில் ‘ஏன் விலகினீர்கள்?’ என்ற கேள்விக்குத் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்.

எனக்குக் கோபமெல்லாம் இதைச் சொல்லிக்கொடுக்கும் லட்சணத்தின்மேல். பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு எழுதி ஒப்பிக்க வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ‘சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்’ என்பதுபோல் வீட்டில் யாரும் பேசாத தமிழ் வேறு. தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’ என்பதோடு பாடம் முடிந்தது. கோடிட்ட இடத்தை நிரப்பிப் பிள்ளைகள் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ‘இந்த இடத்தில் தமிழுக்கு நிகழ்காலம் போதும், ஆங்கிலத்துக்குப் போதாது’ என்று மட்டும் வாத்தியார் வாயைத் திறக்க மாட்டார். பிழை பிறப்பதே அந்த இடத்தில்தான்.

படத்தைப் போட்டவர் தயவுசெய்து அதை நீக்கிவிடட்டும். ‘ஆம்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹாவ் பீன்’ என்று எழுதினால் கடிதம் சரியாகிவிடும். அதை அந்த மனிதருக்கே தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம்.