பழைய ஜாஸ் எல்லாம் ஒரே வண்டி இல்ல ப்ரோ
மேல ஒருத்தர் "ஹோண்டா ஜாஸ் எந்த வருஷம் எடுத்தாலும் ஒண்ணுதான், எல்லாத்துலயும் மேஜிக் சீட்டு இருக்கும், 2010 மாடல்லயே ஆட்டோமேட்டிக் கிடைக்கும்"னு போட்டிருக்காரு, அது தப்பு. தயவுசெஞ்சு அத நம்பி டோக்கன் அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

2009-ல இந்தியாவுல வந்த ஜாஸ் 1.2 பெட்ரோல், மேனுவல் மட்டும்தான், 2013-ல நிறுத்திட்டாங்க. 2015-ல புது பாடியோட திரும்ப வந்தப்பதான் பெட்ரோல்ல சிவிடி (கியர் மாத்த வேண்டாத ஆட்டோமேட்டிக்), கூடவே 1.5 டீசல் ஆறு கியர் மேனுவல். டீசல் ஆட்டோமேட்டிக் எப்பவுமே வரல. பெங்களூரு சில்க் போர்டு ட்ராஃபிக்ல தினம் ஓட்டணும்னா 2015-க்கு அப்புறம் வந்த பெட்ரோல் சிவிடி பாருங்க.

மேஜிக் சீட்டு 2015 மாடல்ல மேல் வேரியன்ட்லதான், அடிப்படை வேரியன்ட்ல கிடையாது, 2018 ஃபேஸ்லிஃப்ட்ல (அதே வண்டிய லேசா மாத்தி விட்டது) அதையும் எடுத்துட்டாங்க. வண்டி பாக்கப் போறப்ப பின் சீட்டோட உக்கார்ற பகுதிய மேல தூக்கிப் பாருங்க, முதுகுப் பக்கம் போய் அப்படியே நின்னா மேஜிக் சீட்டு, கீழ தரை மட்டமா இருக்கும், ஏன்னா பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில இருக்கு, உயரமான தொட்டிச் செடியக்கூட நிமித்தியே வச்சு எடுத்துட்டு வரலாம்.

இதவிட முக்கியம், 2009-13 ஜாஸ்ல நிறைய வண்டிங்க டகாட்டா ஏர்பேக் ரீகால்ல வந்தது, அதாவது டகாட்டா கம்பெனி ஏர்பேக்ல கோளாறுன்னு மாத்திக் குடுக்க ஹோண்டா திரும்பக் கூப்பிட்ட வண்டிங்க. புரோக்கர் "எல்லாம் மாத்தியாச்சு சார்"னு சொன்னா போதாது, ஆர்சி-ல இருக்க சேசிஸ் நம்பர ஹோண்டா சைட்லயோ சர்வீஸ் சென்டர்லயோ குடுத்து நீங்களே செக் பண்ணுங்க. வீட்டு ஆளுங்க உக்கார்ற வண்டி, அத முடிக்காம பணம் குடுக்காதீங்க.