பட்டன் குறையட்டும், இயற்பியல் குறைய வேண்டாம்

விண்வெளிப் பறப்பு விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். ஒவ்வொரு சுவிட்சும் நிஜக் கலத்தில் இருப்பதுபோலவே வேலை செய்ய வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். வேலை முடிந்து வந்து உட்காருகிறவனுக்குக் கையேடு படிக்க ஏது நேரம் என்பவர்கள் மறுபக்கம். கைக்கு உள்ள சிரமம் வேறு, விண்வெளிக்கே உள்ள சிரமம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம். முதலாவதை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். இரண்டாவதில் கை வைக்கவே கூடாது.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டில் முதன்முதலாக இரண்டு கலங்களை இணைக்கப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. இலக்குக் கலம் அதே சுற்றுப்பாதையில், எனக்கு முப்பது கிலோமீட்டர் முன்னால். மூக்கை அதை நோக்கித் திருப்பி எஞ்சினை முடுக்கினேன். தூரம் கொஞ்ச நேரம் குறைந்தது, அப்புறம் கூடத் தொடங்கியது. இலக்கு எனக்குக் கீழே இறங்கி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி முடுக்கினேன், இன்னும் விலகியது. எரிபொருள் தீர்ந்தது. சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் பாதை உயரும், உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு நேரம் அதிகம், ஆகவே பின்தங்குவோம். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். இது மண்டையில் ஏறிய கணத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட் பட்ட பாடும் இதுதான். தங்களை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் மேல் அடுக்கை நெருங்க அதை நோக்கியே முடுக்கினார். அது விலகிக்கொண்டே போக, எரிபொருளை மிச்சப்படுத்த முயற்சியைக் கைவிட்டார்கள். அனுபவம் வாய்ந்த விமானி தடுமாறிய அதே இடத்தில் நானும் தடுமாறினேன் என்றால், விளையாட்டு எனக்கு உண்மையைக் காட்டியிருக்கிறது என்று அர்த்தம். இத்தனைக்கும் நான் தொட்ட பட்டன்கள் மிகக் கொஞ்சம். கலத்தை ஒரே திசையில் பிடித்துவைக்க எஸ்ஏஎஸ் என்ற தானியங்கி உதவி இருக்கிறது. முடுக்கினால் பாதை எப்படி மாறும் என்பதை வரைபடம் கோடாகவே காட்டிவிடுகிறது.

இப்படி உதவி வாங்குவது ஏமாற்று வேலை என்பவர்கள் அப்பல்லோ 11 தரையிறங்கியதைக் கொஞ்சம் பார்க்கட்டும். ஆர்ம்ஸ்ட்ராங் கையால் இறக்கினார் என்கிறோம், சரிதான். ஆனால் எஞ்சின் விசையைக் கடைசிவரை சரிசெய்துகொண்டிருந்தது கணினி. இறங்கும் வேகத்துக்கு அவர் கையில் இருந்தது ஒரு சின்னச் சுவிட்ச். ஒரு தட்டுக்கு விநாடிக்கு ஓர் அடி கூடும், அல்லது குறையும். நிலவின் ஈர்ப்பை யாரும் எளிமையாக்கவில்லை, கைவேலையை மட்டும் எளிமையாக்கினார்கள்.

ஆர்பிட்டர் என்ற விண்வெளிப் பறப்பு விளையாட்டு எனக்கு உயிர். 2000இல் மார்ட்டின் ஷ்வைகர் வெளியிட்டது, இன்றும் இலவசம். ஆனால் இடது ஷிஃப்டோடு ஓர் எழுத்தை அழுத்தினால் இடப்பக்கத் திரை, வலது ஷிஃப்டோடு அழுத்தினால் வலப்பக்கத் திரை என்று விசைப்பலகையை மனப்பாடம் செய்வதிலேயே எத்தனையோ பேர் களைத்து ஓடிவிடுகிறார்கள். இயற்பியலுக்குப் பயந்தா ஓடினார்கள்? அதை அவர்கள் பார்க்கவே இல்லையே!

மறுபக்கம், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை விட்டதும் கலம் தானாக நின்றுவிடும் விளையாட்டுகள். காற்றே இல்லாத இடத்தில் அதை நிறுத்தியது எது? எலைட் டேஞ்சரஸிலும் கலம் நிற்கும், ஆனால் அது ஃப்ளைட் அசிஸ்ட் என்ற பறப்பு உதவி செய்யும் வேலை. அதை அணைத்துவிட்டால் போன திசையிலேயே மிதந்துகொண்டிருக்கும். வேகத்துக்கு அங்கேயும் ஒரு மேல்வரம்பு வைத்திருப்பதில் எனக்கு வருத்தம்தான். என்றாலும், உதவியை அணைக்க ஒரு பட்டன் கொடுத்திருக்கிறார்களே, அதைத்தான் எல்லா விளையாட்டிலும் கேட்கிறேன்.

1984இல் வந்த முதல் எலைட் இதை அழகாகச் செய்தது. சுழலும் நிலையத்தின் குறுகிய வாசலுக்குள் நாமே கலத்தைச் சுழற்றி நுழைய வேண்டும். வியாபாரத்தில் காசு சேர்த்த பிறகு அந்த வேலையைப் பார்க்கும் கணினியை வாங்கிக்கொள்ளலாம். கெர்பலில் நானும் இப்போது பெரும்பாலும் மெக்ஜெப் என்ற தானாக ஓட்டும் துணை மென்பொருளிடம்தான் இணைப்பை விடுகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் இணைப்பை மட்டுமாவது கையால் செய்து பாருங்கள். இலக்கு முன்னால் இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். கடைசி ஐம்பது மீட்டரில் அவசரமே வேண்டாம். தொடும்போது விநாடிக்கு 0.2 மீட்டர் போதும்.