இருப்பாய்வு சமமானால் போதுமா?

கணக்கியல் மாணவர்கள் தொழில்நுட்பத்துக்குத் தயாராக இருக்கிறார்களா என்ற கேள்வி எழும்போதெல்லாம், அவர்களுக்கு எத்தனை மென்பொருள்களை இயக்கத் தெரியும் என்பதையே அளவுகோலாகக் கொள்கிறோம். இந்த அளவுகோல் தவறானது என்பது என் உறுதியான கருத்து. திரைகளும் பொத்தான்களும் அடிக்கடி மாறக்கூடியவை, தேவைப்படும்போது பழகிக்கொள்ளலாம். கணினி காட்டும் ஒரு தொகை எந்தச் சான்றுச்சீட்டிலிருந்து, எந்தப் பதிவின் வழியாக வந்தது என்று பின்தொடர்ந்து சென்று கண்டறியும் திறமை அப்படிப் பழகிக்கொள்ளக்கூடியது அன்று.

இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494இல் அச்சில் விளக்கிய, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரு பக்கமும் பதியும் இரட்டைப் பதிவு முறையைக் கையால் எழுதிய காலத்தில், பற்றும் வரவும் சமமாகாதபோது எங்கோ பிழை இருக்கிறது என்பதை எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் இரு பக்கமாகக் கூட்டிப் பார்க்கும் இருப்பாய்வே காட்டிக்கொடுத்தது. அதைத் தேடிப் பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய உழைப்பிலேதான் பலர் கணக்கியலைக் கற்றார்கள். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் சமமில்லாத பதிவை ஏற்பதே இல்லை. ஆனால் இயந்திரம் வாங்கிய தொகையைப் பழுதுபார்ப்புச் செலவில் பதிந்தால், இருப்பாய்வு குறையின்றிச் சமமாகும். அந்த ஆண்டின் லாபமோ தவறாகக் குறையும். தொகை சரியாக இருந்தும் தவறான வகைக் கணக்கில் பதியும் இதற்கு விதிப் பிழை என்று பெயர். ஒரு நடவடிக்கையைப் பதியாமலே விட்டுவிடும் விடு பிழையும் அவ்வாறே வெளியில் தெரியாது. விலைப்பட்டியல்களைப் படித்துத் தானாகவே கணக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட நிலையில், இத்தகைய விதிப் பிழை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பதிவுகளில் பரவிவிடலாம்.

கணினியின் கணக்கைக் கேள்வியின்றி நம்பியதன் விலையைப் பிரிட்டன் கண்டிருக்கிறது. அங்கே அஞ்சலகங்களில் 1999 முதல் புழக்கத்துக்கு வந்த ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறைகளை இருப்பதாகக் காட்டியது. அதன் பதிவுகளை நம்பி, திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகக் கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டார்கள்; சிலர் சிறைக்கும் சென்றார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர் நீதிமன்றம் 2019இல்தான் உறுதிசெய்தது. 2024இல் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்க வேண்டியிருந்தது. கணக்கியல் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த வழக்கை ஒரு முழுப் பாடமாகவே படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

மாணவர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. விடை சரியா என்று மட்டும் பார்க்கும் தேர்வு, விடையைச் சந்தேகிக்கும் பழக்கத்தை எப்படி வளர்க்கும்? பிழைகள் கலந்த ஓராண்டுப் பதிவுகளையும் வங்கி அறிக்கையையும் கணினியில் கொடுத்து, வேறுபாடுகளைக் கண்டறியச் சொல்லி, ஒவ்வொன்றையும் எந்தச் சான்றைக் கொண்டு உறுதிசெய்தார்கள் என்று எழுதச் செய்து, அந்த விளக்கத்துக்கே பாதி மதிப்பெண்ணை ஒதுக்கலாம். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை, ஒரு விரிதாளே போதும்.